தாய்மாமன் வாசித்த மெட்டு

மாமாங்கம் என்கிற மனிதர் கோயில் வரிசையில் நின்றால் முன்னால் நிற்கிற சின்னப் பிள்ளைகள் திரும்பித் திரும்பிப் பார்க்கும். ஆளின் வடிவைக் கண்டு என்று நினைத்துவிட வேண்டாம். பதினெட்டு வருசமாக, டொரண்டோவின் ஸ்காபரோ பகுதியில் ஒரு சொக்லேற் பக்டரியில் கொக்கோ மூட்டை இறக்குகிறவர் அவர். எத்தனை தரம் சவர்க்காரம் போட்டுக் குளித்தாலும் கொக்கோ வாசம் அவருடைய உடம்பை விட்டுப் போகாது. மனைவி புஸ்பராணிக்கு அதில் மனக்குறை எதுவும் கிடையாது. "மீன் பக்டரியில வேலை செய்யிற மனிசனைக் கட்டியிருந்தா என்ன செய்திருப்பன்?" என்று கேட்பார்.

அவர்கள் குடியிருந்த மல்வேர்னில் இவர்களைத் தெரிந்த யாரிடம் விசாரித்தாலும் மாமாங்கத்தைப் பற்றி ஒரே பதில்தான் வரும்: "நல்ல மனிசன், வாய் திறக்க மாட்டார்." அந்த வாய்க்கு வேறு வேலை இருந்தது பலருக்குத் தெரியாது. மட்டக்களப்பில் பாதர்மார் நடத்திய பள்ளிக்கூடத்தின் பாண்ட் கோஷ்டியில் ஏழு வருசம் கிளாரினெட் ஊதியவர் அவர். விளையாட்டுப் போட்டியா, பரிசளிப்பு விழாவா, யாராவது பெரியவர் வருகிறாரா, கொளுத்தும் வெயிலில் நின்று ஊதவேண்டியது இந்தப் பிள்ளைகள்தான். கனடா வந்து சில வருசம் கழித்துப் பழைய சாமான் கடையொன்றில் கறுப்புப் பெட்டிக்குள் ஒரு கிளாரினெட் கிடந்தது. கட்டில் வாங்கப் போனவர் அதை வாங்கிக்கொண்டு வந்தார். அன்றைக்கு புஸ்பராணி பேசிய பேச்சை இங்கே எழுதினால் கதை நீளும்.

வாங்கியாயிற்று, ஊத இடம் வேண்டுமே. டவுன்ஹவுஸ் சுவர்கள் அப்பளத் தடிப்பு. வலப்பக்க வீட்டில் கைக்குழந்தை, இடப்பக்க வீட்டில் இரவு ஷிப்ட் முடித்துப் பகலில் படுக்கிற மனிதர். ஆகையால் மாமாங்கத்தின் கச்சேரி மேடை பக்டரியின் பார்க்கிங் லொட்டில் நின்ற அவருடைய கார்தான். மத்தியான இடைவேளையில் ஐந்து நிமிசத்தில் சோற்றை விழுங்கிவிட்டு, கார்க் கண்ணாடிகளை ஏற்றி, சீற்றைப் பின்னால் தள்ளி, இருபத்தைந்து நிமிசம் ஊதுவார். தேவாரத்தில் தொடங்கி பழைய பாண்ட் மெட்டில் போய், இரண்டும் இல்லாத எங்கேயோ முடியும். யாருக்கும் கேட்காது என்றுதான் பத்து வருசமாக நினைத்திருந்தார்.

ஒரு ஒக்டோபர் மாத மத்தியானம் கார்க் கண்ணாடியில் தட்டும் சத்தம் கேட்டது. செக்கியூரிட்டிக்காரன் என்று பயந்து கிளாரினெட்டைக் காலுக்குள் ஒளித்துக்கொண்டு திரும்பினார். நின்றது டமாரிஸ். பக்டரியின் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறவள். சொக்லேற்றை ருசி பார்த்துச் சம்பளம் வாங்குகிற ஆள் என்று எல்லாருக்கும் அவள்மேல் ஒரு பொறாமை உண்டு. நாற்பது வயதிருக்கும். குள்ளமான, நிமிர்ந்த பெண்.

"கடைசியா வாசிச்சதை இன்னொருக்கா வாசிப்பீங்களா?" என்று கேட்டாள். அவர்கள் பேசியது ஆங்கிலத்தில். நம்முடைய வசதிக்குத் தமிழில் போகட்டும்.

"அது எனக்கே தெரியாது. வாய்க்கு வந்தது."

"அதுக்குப் பெயர் ஜாஸ்."

மாமாங்கத்துக்கு ஜாஸ் என்றால் பல் வைத்தியரின் வரவேற்பறையில் மெல்லமாக ஓடுகிற சாமான். அதைத் தான் செய்துகொண்டிருப்பதாக ஒருவர் சொன்னது, இத்தனை நாளும் நீ சீன மொழி பேசிக்கொண்டிருந்தாய் என்று சொன்ன மாதிரி இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே டமாரிஸ் அவரைத் தன் குழுவுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். குழு என்றால் மூன்று பேர். டமாரிஸ் ஆளைவிட உயரமான டபிள் பேஸ் என்ற தந்தி வாத்தியம் வாசிப்பாள். ஜமேக்காவில் பிறந்து, ஸ்காபரோவில் முப்பது வருசம் பஸ் ஓட்டி ஓய்வெடுத்த கிளிபோட் டிரம்ஸ். பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிற அன்ட்ரூ பியானோ. கிளிபோட்டின் வீட்டு நிலவறையான பேஸ்மென்ற்தான் ஒத்திகை மண்டபம். அங்கே மாமாங்கத்துக்கென்று ஒரு கதிரை, சலவை மெஷினுக்கும் டிரம்ஸுக்கும் நடுவில் போடப்பட்டது. கிளிபோட் அவருக்கு ஜாஸை ஒரே மூச்சில் விளங்கப்படுத்தினார்: "மெட்டுத்தான் வீடு. வெளிய போ. எவ்வளவு தூரமும் போ. சாப்பாட்டு நேரத்துக்கு வீட்டுக்கு வந்திடு." மாமாங்கம் முதல் மாதம் முழுக்க வெளியே போய்த் தொலைந்து, மற்ற மூவரும் தேடிப் பிடித்துக் கூட்டிவரவேண்டியிருந்தது. ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் அந்தக் கதிரையில் இருந்து எழும்பும்போது மனிதருக்குப் பத்து வயது குறைந்திருக்கும். எத்தனையோ வேலையிடங்களில் அவருக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். இது உன்னுடைய இடம், நீ வராவிட்டால் வெறுமையாகக் கிடக்கும் என்று சொன்னது இந்தக் கதிரை மட்டும்தான்.

டமாரிஸின் கதை என்னவென்றால், அவள் கொஸ்டா ரிக்கா நாட்டில் தலமன்கா மலைப்பக்கத்தில் பிறந்தவள். பிரிப்ரி என்ற பழங்குடி மக்கள். ஆறு வயதில் தாயோடு கனடா வந்துவிட்டாள். அவர்களுடைய கடவுள் சிபோ, மனிதர்களைச் சோள விதைகளில் இருந்து உண்டாக்கினார் என்பது அவர்கள் நம்பிக்கை. டமாரிஸ் அதையெல்லாம் வைத்து ஜாஸில் ஒரு பெரிய உருப்படி செய்துகொண்டிருந்தாள். முதல் பகுதியில் ஒவ்வொரு வாத்தியமாக ஒவ்வொரு விதை விழுகிற மாதிரி, விட்டு விட்டு விழவேண்டும். மாமாங்கம் அதில் நெல் விதைக்கிற மாதிரி அள்ளி வீசினார். "சோளம்! சோளம்!" என்று டமாரிஸ் பேஸுக்குப் பின்னால் நின்று கத்துவாள்.

கொக்கோ மரம் ஒருகாலத்தில் பெண்ணாக இருந்தது, சிபோவின் மனைவி என்றும் அவள் ஒருநாள் சொன்னாள். சடங்குக்குக் கொக்கோ பானம் காய்ச்சுவதும் பரிமாறுவதும் பெண்கள் மட்டும்தானாம். "நான் பதினெட்டு வருசமா அவவைத் தோளில தூக்கி நிலத்தில எறியிறன்" என்றார் மாமாங்கம். மறுநாளிலிருந்து மூட்டைகளை மெதுவாக இறக்கி வைக்கத் தொடங்கினார். இந்த மனிதனுக்கு முதுகுப்பிடிப்போ என்று சுப்பர்வைசர் விசாரித்தார்.

டமாரிஸ் முதன்முதல் மல்வேர்ன் வீட்டுக்குச் சாப்பிட வந்தபோது, இடியப்பத்தைப் போட்டுவிட்டு புஸ்பராணி முதல் கேள்வியாகக் கேட்டார்: "பிள்ளை என்ன குடி?"

மாமாங்கத்துக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. மட்டக்களப்பு ஆட்கள் கல்யாணம் பேசினாலும் கோயிலில் நின்றாலும் கேட்கிற கேள்விதான். குடி என்றால் குலம், அங்கே அது தாய்வழியில் வரும். ஆனால் அதை மத்திய அமெரிக்கப் பெண்ணிடம் கேட்பதா? வழியில்லாமல் மொழிபெயர்த்தார். டமாரிஸ் கையைத் துடைத்துவிட்டு மிகச் சாதாரணமாகத் தன் குலத்தின் பெயரைச் சொன்னாள். "அம்மாட குலம்தான் என்ட குலம். அப்பாட பக்கம் கணக்கில வராது."

"பாத்தீங்களா, அப்ப இது எங்கட ஆக்கள்தான்" என்றார் புஸ்பராணி. இன்னும் இரண்டு இடியப்பம் தட்டில் விழுந்தது. "தாய்மாமன் இருக்காரா?"

"இருக்கிறார். எங்கட குடும்பத்தில எல்லாம் அவர்தான்."

அந்தத் தாய்மாமன் ஓர் ஆவா. பிரிப்ரி மக்களிடம் நோய்க்குப் பாட்டுப் படித்து மருந்து செய்கிறவருக்கு அப்படிப் பெயர். உருப்படியின் இரண்டாம் பகுதிக்கு, நோயாளியின் தலைமாட்டில் பாடுகிற ஒரு பாட்டைத் தரும்படி டமாரிஸ் அவரிடம் ஒரு வருசமாகப் போனில் கெஞ்சியிருந்தாள். பெப்ரவரியில் ஒருநாள் அவர் ஒரு பாட்டைப் பாடி அனுப்பினார். டமாரிஸ் அதைக் குழுவுக்குப் போட்டுக் காட்டியபோது கண்கலங்கினாள். அவளுக்கு அந்த மொழியில் தெரிந்தது வா, போ, தண்ணி, சாப்பாடு அளவுதான். சொல் விளங்காவிட்டாலும் குரலில் கேட்டதே போதும் என்றாள்.

"இது வெளிய போகக் கூடாது. மேடையில ஒருதரம், அவ்வளவுதான்" என்று எச்சரித்தாள். எல்லாரும் தலையாட்டினார்கள். மாமாங்கம் மற்றவர்களைவிட ஒருதரம் கூடுதலாக ஆட்டினார்.

அந்தப் பாட்டை மிக மிக மெதுவாக, இருட்டில் நடக்கிற மாதிரி, டமாரிஸ் அமைத்திருந்தாள். மெட்டை எடுப்பது கிளாரினெட். மூன்று மாதம் மாமாங்கம் அதோடுதான் வாழ்ந்தார். காரில் அது, மூட்டை இறக்கும்போது அது, புஸ்பராணி மரக்கறி வாங்கச் சொன்னதை மறந்து கடையில் நின்றபோதும் அது.

மே மாதத்தில், அந்த உருப்படி மேடையேற இருந்த கச்சேரிக்கு ஒரு கிழமை முன்னால், அவருடைய தங்கை அனோஜாவின் மகள் மதுராவுக்குச் சாமத்திய வீடு, பெரியபிள்ளையானதற்குச் செய்கிற சடங்கு. ரூஜ் பகுதியில் புது வீடு வாங்கிய அனோஜா எதையும் சின்னதாகச் செய்ய மாட்டாள். பிள்ளையை மண்டபத்துக்குக் கொண்டுவர ஹெலிகொப்டர் விலை விசாரித்துவிட்டுக் கடைசியில் பல்லக்கோடு நின்றது புருசன் செய்த புண்ணியம். மண்டபத்தில் நானூறு பேர். தாய்மாமன் மாமாங்கம் பட்டு வேட்டியில், கையில் மாலையோடு, வாசலில் நின்றார். மதுராவைப் பல்லக்கில் ஏற்றி, நான்கு பெடியன்கள் தூக்கி, கதவு திறந்து, நாதஸ்வரம் முழங்க வேண்டிய நேரத்தில் பாட்டுப் போடுகிறவனுடைய கொம்பியூட்டர் நின்றுவிட்டது.

ஒரு நிமிசம் போனது. இரண்டு நிமிசம். சனம் கழுத்தை நீட்டியது. வீடியோக்காரன் கையைக் காட்டினான். பல்லக்குத் தூக்கியவர்களுக்குக் கை நடுங்கத் தொடங்கியது. மதுரா பதின்மூன்று வயதுக்குக் கொஞ்சம் வாட்டசாட்டமான பிள்ளை, நகை வேறு.

"மாமா, இவங்கள் என்னை டிராப் பண்ணப் போறாங்கள்!" என்று பல்லக்குக்குள்ளிருந்து குரல் வந்தது.

"அண்ணா, உன்ட குழலைக் கொண்டு வா! ஏதாவது ஊது!" என்று அனோஜா கத்தினாள்.

மாமாங்கம் ஓடிப்போய்க் காரிலிருந்து கிளாரினெட்டை எடுத்து வந்தார். வாயில் வைத்தார். நானூறு பேர் பார்க்கிறார்கள். தெரிந்த தேவாரம், பாண்ட் மெட்டு, சினிமாப் பாட்டு எல்லாம் தலையைவிட்டு ஓடிப்போய்விட்டன. மூன்று மாதமாகப் பழகியதை மட்டும் விரல் விடவில்லை. தலமன்கா மலைப் பாட்டு புறப்பட்டது. பல்லக்குக்காரர்கள் வேகமாக நடக்க, மெட்டும் வேகம் பிடித்தது. பின்னால் யாரோ மேசையில் பைலா ஆட்டத் தாளம் போட்டார்கள். மாமாங்கம் முன்னால் பின்னோக்கி நடந்தபடி ஊதினார். பல்லக்கு மேடைக்கு வந்து சேர்வதற்குள் மண்டபத்தில் பாதிப்பேர் ஆடிக்கொண்டிருந்தார்கள். மனிதர் அன்றைக்குச் சந்தோசமாக இருந்தார் என்பதையும் மறைக்கக் கூடாது. சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போதுதான் தான் ஊதியது என்ன பாட்டு என்று உறைத்தது.

"ஆருக்குத் தெரியப் போகுது?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அனோஜா அதே நேரத்தில் வீடியோவைப் பேஸ்புக்கில் போட்டுக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை மத்தியானம் டமாரிஸ் காருக்கு வந்தாள். இந்தமுறை கண்ணாடியில் தட்டவில்லை, கதவைத் திறந்து பக்கத்துச் சீற்றில் இருந்தாள். போனை நீட்டினாள். பதினோராயிரம் பேர் பார்த்திருந்தார்கள். கீழே ஒருவர் "செம குத்து, மாமா கலக்கிட்டார்" என்று எழுதியிருந்தார். தமிழ் தெரியாவிட்டாலும் நெருப்புப் படங்களும் ஆட்டப் படங்களும் அவளுக்கு விளங்கியிருக்கும்.

அவள் கத்தியிருந்தால் மாமாங்கத்துக்குச் சுகமாக இருந்திருக்கும். "சாகக் கிடக்கிற ஆளின்ட தலைமாட்டில பாடுற பாட்டு இது" என்று மெல்லமாகச் சொன்னாள். "ஒரு வருசம் கேட்டு வாங்கினனான். உங்களை நம்பித்தான் தந்தனான்."

"கொம்பியூட்டர் நிண்டிட்டுது. எனக்கு வேற ஒண்டும் வரேல்ல."

"சனிக்கிழமை நீங்க வரவேண்டாம். அந்தப் பகுதியை நாங்க மூண்டு பேரும் சமாளிக்கிறம்."

அன்று பின்னேரம் மாமாங்கம் இறக்கிய மூட்டைகள் எல்லாம் ஒரு தொன் பாரமாக இருந்தன. வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் இருந்தார். சலவை மெஷினுக்குப் பக்கத்துக் கதிரை வெறுமையாகக் கிடக்கப் போகிறது, அதைவிட மோசம், கிடக்காமலே போகப் போகிறது, மடித்து வைத்துவிடுவார்கள் என்று நினைத்தார். புஸ்பராணி விசயத்தைப் பிடுங்கி எடுத்தார்.

"உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டார். "வைகாசியில கோயில் கதவு திறந்தாத்தானே கண்ணகை அம்மன்ட பாட்டைப் படிக்கிற? அதை ஆராவது சாமத்திய வீட்டில படிச்சு ஆடினா நீங்க சும்மா இருந்திருப்பீங்களா?"

"தெரியும்." அதுதான் அவருக்கு நொந்தது. தெரியாதவன் செய்தால் பிழை. தெரிந்தவன் செய்ததற்கு என்ன பெயர்?

முதலில் வீடியோவை எடுக்கவேண்டும். அனோஜாவுக்குப் போன் எடுத்தார்கள். "பதினோராயிரம் பேர் பாத்திருக்காங்க, அழிக்கச் சொல்றியா? மண்டபம் தந்த ஹோல்காரனே ஷெயார் பண்ணியிருக்கான்! நான் செலவழிச்ச காசுக்கு எனக்கு மிஞ்சினது அது ஒண்டுதான் அண்ணா!" என்று அவள் போனுக்குள் அழுதாள். அரை மணித்தியாலம் கெஞ்சியும் அசையவில்லை. ஒன்பது மணிக்கு மதுராவின் செய்தி வந்தது: "மாமா, டோன்ட் வொறி. அம்மா குளிக்கப் போன நேரம் டிலீட் பண்ணிட்டன். ஹோல்காரனுக்கும் மெசேஜ் போட்டன், அவரும் எடுத்திட்டார்."

"இனி டமாரிஸிட்டப் போய் மன்னிப்புக் கேக்கிறன்" என்றார் மாமாங்கம்.

புஸ்பராணி அவரை ஒரு பார்வை பார்த்தார். "அவவிட்டக் கேட்டு என்ன? பாட்டு அவடயா? தாய்மாமன்டயெல்லோ. தாய்மாமனிட்டத் தட்டுக் கொண்டு போகாம எந்த விசயம் தீந்திருக்கு?"

புதன்கிழமை பின்னேரம் இரண்டு பேரும் டோர்செட் பார்க் பகுதியில் டமாரிஸின் பன்னிரண்டாம் மாடி அப்பாட்மென்ற் கதவைத் தட்டினார்கள். மாமாங்கம் வேட்டியில். கையில் தாம்பாளம். அதில் வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், ஒரு தேங்காய். லிப்டில் கூட வந்த மனிதர் யாருக்குக் கல்யாணம் என்று கேட்டுவிட்டுத்தான் இறங்கினார். டமாரிஸ் கதவைத் திறந்து, மூன்று தரம் கண்ணை மூடித் திறந்தாள்.

"உங்கட மாமாட்டப் பேசவேணும்" என்றார் மாமாங்கம். "எங்கட வழக்கத்தில இதைத் தாய்மாமனிட்டத்தான் வைக்கிறது."

அவள் கோபமாக இருக்க முயற்சி செய்தாள். தேங்காயைப் பார்த்துக்கொண்டு கோபமாக இருப்பது லேசில்லை. கடைசியில் போனை எடுத்தாள். மாமா இருந்த மலைக்குச் சிக்னல் கிடையாது. ஆற்றுக்கு இந்தப் பக்கம் இருந்த சொந்தக்காரரின் கடைக்கு அவரை வழக்கம்போல வரவழைக்க முக்கால் மணித்தியாலம் போனது. அதுவரை புஸ்பராணி டமாரிஸின் குசினியில் தேத்தண்ணி போட்டு எல்லாருக்கும் கொடுத்தார்.

திரையில் தெரிந்தவர் தொப்பி போட்ட ஒல்லியான கிழவர். பின்னால் கோழி ஒன்று நடமாடியது. டமாரிஸ் ஸ்பானிய மொழியில் நீளமாக ஏதோ சொன்னாள். மாமாங்கத்தின் பெயர் இரண்டு தரம் வந்தது, இரண்டு தரமும் நல்லதுக்கு வரவில்லை என்று குரலில் தெரிந்தது. பிறகு போனை அவரை நோக்கித் திருப்பினாள்.

மாமாங்கம் எழுந்து நின்று தட்டை இரண்டு கையாலும் நீட்டினார். ஆங்கிலத்தில் தொடங்கி இரண்டு சொல்லோடு தடக்கினார்.

"தமிழிலயே சொல்லுங்க" என்றார் புஸ்பராணி. "அவருக்கு இங்கிலீசும் தெரியாதுதானே."

"ஐயா," என்றார் மாமாங்கம். "நீங்க உங்கட மருமகளுக்குக் குடுத்த பாட்டை நான் கேக்காம வெளிய கொண்டு போயிட்டன். என்ட மருமகள்ட சாமத்திய வீட்டில ஊதிட்டன். ஆக்கள் ஆடினவங்க. எங்கட ஊரிலயும் இப்படிப் பாட்டு இருக்கு. அதின்ட மரியாதை எனக்குத் தெரியும். தெரிஞ்சும் செய்தது என்ட பிழை. பிள்ளையில கோபிக்க வேண்டாம்." அதற்கு மேல் தட்டை மட்டும் நீட்டிக்கொண்டு நின்றார்.

கிழவர் மொழிபெயர்ப்பு முடியும்வரை தட்டையே பார்த்தார். அது என்ன இலை என்று கேட்டார். சொன்னார்கள். பிறகு, அந்த வீடியோவைக் காட்டச் சொன்னார்.

அழித்தாயிற்றே! மாமாங்கம் தடுமாறினார். புஸ்பராணி தன் கைப்பையைத் திறந்து, தன் போனில் பத்திரமாக வைத்திருந்ததை எடுத்தார். அந்த நேரத்தில் இதைப் பற்றி மனைவியிடம் ஒன்றும் கேட்காமல் விடுவதுதான் புத்தி என்று மாமாங்கத்துக்குப் பட்டது.

ஒரு போனை மற்றப் போனுக்கு முன்னால் பிடித்தார்கள். பல்லக்கு வந்தது. கிளாரினெட் வந்தது. பைலாத் தாளம் வந்தது. கிழவரின் தலை குனிந்தது. தோள் குலுங்கியது. டமாரிஸின் முகம் வெளிறிவிட்டது. "மாமா அழுறார்" என்றாள்.

அவர் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். வாயில் இருந்த நான்கு பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். சிரிப்புக்கு நடுவே விட்டு விட்டுப் பேசினார். டமாரிஸ் மொழிபெயர்க்கவில்லை. வாயைத் திறந்தபடி நின்றாள்.

"என்னகா சொல்றார்?" என்று புஸ்பராணி அவள் கையைப் பிடித்து உலுக்கினார்.

"இது ஆவாவின்ட பாட்டு இல்லையாம்" என்றாள் டமாரிஸ். "ஆவாவின்ட பாட்டைப் போனுக்குள்ள ஆரும் பாடுவாங்களா என்று கேக்கிறார். நான் விடாமக் கேட்டபடியா வெறுங்கையோட விட மனமில்லாம, வேற ஒண்டைப் பாடி அனுப்பினவராம்."

"என்ன பாட்டு?"

"சோளம் அரைக்கிற பெரிய கல்லை மலையில இருந்து ஊருக்கு இழுத்துக்கொண்டு வரேக்க பாடுறது. ஊர் முழுக்கக் கூடி இழுக்குமாம். இழுத்து முடிய வீட்டுக்காரர் சாப்பாடும் குடியும் குடுக்க வேணுமாம்."

கிழவர் திரையில் விரலை நீட்டி இன்னும் ஏதோ சொன்னார். டமாரிஸ் இப்போது தரையில் இருந்துவிட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று சொல்ல முடியவில்லை, இரண்டும்தான். "அந்த மனிசன் சரியாத்தான் வாசிச்சவராம். பாரமான சாமானை நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்தவங்கள், அவர் முன்னுக்கு நிண்டு கூப்பிட்டவர், பிறகு எல்லாருக்கும் சாப்பாடு. நான்தான் மூண்டு மாசமா அந்தப் பாட்டைச் சவப்பெட்டிக்குள்ள வைச்சிருந்தனாம்."

பல்லக்குக்குள் இருந்த மதுராவைக் கல்லோடு சேர்த்துச் சொன்னது இன்றுவரை அனோஜாவுக்குத் தெரியாது.

ஆனால் கிழவர் சும்மா விடவில்லை. சிரிப்பை நிறுத்திவிட்டு மாமாங்கத்தைப் பார்த்து ஒன்று சொன்னார், டமாரிஸைப் பார்த்து ஒன்று சொன்னார். மாமாங்கத்துக்குச் சொன்னது: எந்தப் பாட்டாக இருந்தாலும் கேட்டுவிட்டு எடுக்க வேணும். மாமாங்கம் தலை குனிந்தார். டமாரிஸுக்குச் சொன்னது: இழுக்க ஒன்றும் இல்லாத இடத்தில் அந்தப் பாட்டு வேண்டாம், கையைக் கட்டிக்கொண்டு இருக்கிறவர்களுக்கு அதைப் பாடினால் பாட்டுக்கு வெட்கம்.

சனிக்கிழமைக்கு மூன்று நாள். மல்வேர்னில் ஒரு சமூக மண்டபத்தில் இருநூறு கதிரைகள் போட்டு, விளக்கை அணைத்து, இரண்டாம் பகுதியைச் சனம் மூச்சு விடாமல் கேட்கவேண்டும் என்பது டமாரிஸின் பழைய திட்டம். அன்றிரவு போனில் நான்கு பேரும் மண்டையை உடைத்தார்கள். டொரண்டோவில் கல்லுக்கு எங்கே போவது? கணக்கு வாத்தியார் அன்ட்ரூதான் கேட்டார்: "மண்டபத்தில பியானோ எங்க நிக்குது?"

மண்டபத்தை ஒட்டிய உள் நடைபாதையின் அந்தக் கடைசித் தொங்கலில், ஸ்டோர் அறைக்குள் நின்றது. சக்கரம் பூட்டிய பழைய, பெரிய, யானைப் பாரமான பியானோ. வழக்கமாக மண்டபக்காரர்கள் காலையிலேயே தள்ளிக்கொண்டு வந்து மேடைக்குப் பக்கத்தில் வைத்துவிடுவார்கள். இந்தமுறை தொடவேண்டாம் என்று டமாரிஸ் சொல்லிவிட்டாள்.

சனிக்கிழமை பின்னேரம் சனம் வந்தது. டமாரிஸின் தாயும் இரண்டு சித்திமாரும் குசினியில் பெரிய பானையில் கொக்கோ காய்ச்சினார்கள். உள்ளே எட்டிப் பார்த்த கிளிபோட்டை அகப்பையால் விரட்டினார்கள். புஸ்பராணி இருநூறு ரோல்ஸ் பலகாரத்தோடு வந்து இறங்கினார். அனோஜா வீடியோப் பகையை மறக்காத முகத்தோடு, ஆனால் பட்டுச் சேலையில், முன்வரிசையில் இருந்தாள். முதல் பகுதியில் பியானோ இல்லாமலே சோள விதைகள் விழுந்தன. தான் வாசிக்க வேண்டுமா என்று யாரும் சொல்லாததால், மாமாங்கம் அந்தப் பகுதியில் கிளாரினெட் பெட்டியோடு மேடைக்குக் கீழேதான் நின்றார். அச்சடித்த நிகழ்ச்சித் தாளில் அவருடைய பெயர் இல்லை. திங்கட்கிழமையே எடுத்துவிட்டிருந்தார்கள். திரும்ப அச்சடிக்க நேரம் கிடைக்கவில்லை. அது நியாயம்தான் என்று தனக்குச் சொல்லிக்கொண்டார். ஆனாலும் தாளை நான்கு தரம் மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

முதல் பகுதி முடிந்ததும் டமாரிஸ் ஒலிவாங்கிக்கு வந்தாள். கல்லைப் பற்றிச் சொன்னாள். தன்னுடைய மாமா தன்னை ஏமாற்றிய கதையையும் ஒளிக்காமல் சொன்னாள். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. பிறகு எல்லாரையும் எழும்பி நடைபாதைக்கு வரச் சொன்னாள். பியானோவில் இரண்டு நீளக் கயிறுகள் கட்டியிருந்தன. பிரிப்ரிக் குடும்பங்கள், மல்வேர்ன் தமிழ்க் குடும்பங்கள், கிளிபோட்டின் பழைய பஸ் சாரதி நண்பர்கள், பட்டுச் சேலையைச் செருகிக்கொண்ட அனோஜா, எல்லாரும் கயிற்றைப் பிடித்தார்கள். பல்லக்குத் தூக்கிய பெடியன்கள் கேட்காமலே பின்னால் போய் நின்றார்கள்.

"எங்கட ஊரில பாட்டுக் கூப்பிடுறவர் கல்லுக்குப் பக்கத்தில நிக்க மாட்டார்" என்று டமாரிஸ் உரத்துச் சொன்னாள். "எல்லாருக்கும் முன்னால நிப்பார். என்ட மாமா எனக்கு வேற ஆளைச் சொல்லேல்ல. மாமாங்கம், வாங்க. இது உங்கட இடம்."

மாமாங்கம் முன்னுக்கு வந்தார். கயிறுகள் இரண்டும் இழுபட்டு நின்றன. எழுபது எண்பது முகம் அவரையே பார்த்தது. டமாரிஸின் கையில் இருந்த போனில் தொப்பி போட்ட கிழவரும் பார்த்தார். கிளாரினெட்டை வாயில் வைத்தார். காற்று வரவில்லை. கண்ணும் மறைத்தது. இத்தனை வயதில் ஒரு நடைபாதைக்குள் நின்று அழுவதா என்று வெட்கமாக இருந்தது. ஆனாலும் வந்த சந்தோசத்தை நிற்பாட்ட முடியவில்லை.

கயிற்றின் நடுவிலிருந்து யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவர் கத்தினார்: "ஊதும் ஐசே! கை நோகுது!"

மாமாங்கம் ஊதினார். பியானோ நகர்ந்தது.